வேகம் மட்டும் போதுமா? தார்ன்டனுக்கு இடம் குடுக்கலாம்னுதான் தோணுது

உங்க கட்டுரைல டைக்வான் தார்ன்டனுக்கு (அமெரிக்கன் ஃபுட்பால்ல ரிசீவர், அதாவது எறியற பந்த ஓடிப் பிடிக்கிறவர்) கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் டீம் 53 பேர்ல ஒரு இடம் குடுக்கணும்னு எழுதிருக்கீங்க, எனக்கும் சம்மதம்தான் ஆனா காரணம் வேற. 4.28 செகண்ட்ல 40 யார்டு ஓடுனவர்னு திரும்பத் திரும்ப சொல்றீங்க, அட அதுக்குதானே 2022 டிராஃப்ட்ல (புது ஆட்டக்காரங்கள டீம்கள் வரிசையா தேர்ந்தெடுக்கிறது) பேட்ரியாட்ஸ் டீம் ரெண்டாவது ரவுண்டுல 50வது ஆளா எடுத்தாங்க, அப்புறம் என்னாச்சு? முதல் சீசன்ல 22 கேட்ச், அடுத்ததுல 13, 2024 நவம்பர்ல வெளிய அனுப்பிட்டாங்க. வேகம்னா ஜான் ராஸ்னு இன்னொரு ரிசீவர் அதே தூரத்த 4.22 செகண்ட்ல ஓடுனாரு, 2017 டிராஃப்ட்ல பெங்கால்ஸ் டீம் 9வது ஆளா எடுத்தாங்க, முதல் வருஷம் ஒரு கேட்ச் கூட இல்ல!

ஆனா சீஃப்ஸ்ல கதை கொஞ்சம் வேற. மஹோம்ஸ் மாதிரி தூரமா எறியற ஆள் இருக்கும்போது தார்ன்டன் நேரா ஓடுனாலே சேஃப்டி (எதிரணில கடைசியா நின்னு தடுக்கிறவர்) பின்னாடி போயே ஆகணும், பந்து இவருக்கு வரலேன்னாலும் நடுவுல பந்து பிடிக்கிற கெல்சிக்கு இடம் கிடைக்கும், அது கணக்குல எங்கயும் வராது. சீஃப்ஸோட இன்னொரு ரிசீவர் வொர்தி (4.21, அவர் இன்னும் வேகம்!) ஒரு பக்கம் இவர் இன்னொரு பக்கம்னா கார்னர்பேக் (ரிசீவர ஒட்டி ஓடித் தடுக்கிற எதிரணி ஆள்) பாடு திண்டாட்டம்தான்.

என் ஒரே சந்தேகம் ஸ்பெஷல் டீம்ஸ் (பந்த உதைக்கிற ஆட்டங்களுக்குன்னு இறங்குற குழு). அஞ்சாவது ஆறாவது ரிசீவர்னா பன்ட் கவரேஜ்ல, அதாவது நம்ம டீம் உதைச்ச பந்த எடுத்துட்டு வர்றவர ஓடிப் போய் டேக்கிள் பண்ணி கீழ தள்ளணும், இவரு ஒல்லி உடம்பு. அதுல நிக்கிறாரான்னு பாத்துட்டு முடிவு பண்ணட்டும்.