பத்து நிமிசம் நிண்டு சொல்லிக் குடுத்தா என்ன?

தலை முழுக்க ஷாம்பு நுரை. கண் சிவந்து வீங்கிப்போய்க் கிடக்கு. தோளில ஒரு துவாய். பல்லுக் கிட்டி அடிக்கிற சத்தம் போனுக்குள்ளால எனக்குக் கேக்குது. "அண்ணா, இண்டைக்கும் பச்சைத் தண்ணிதான் அண்ணா வருது."

அங்க விடிய 6 மணி, இஞ்ச 11.30. நான் உடையார்கட்டில ஒரு மிளகாய்த் தோட்டத்துக் கிணத்துக்க இறங்கி புட்வால்வ் கழட்டிக்கொண்டு நிக்கிறன். கையெல்லாம் சேறு. வெயில் பிடரியைச் சுடுது. என்ர தங்கச்சி இங்கிலாந்தில, லீட்ஸில 2 பாகைக் குளிரில, ஐஸ் மாதிரித் தண்ணியில தலையை நனைச்சுப்போட்டு நடுநடுங்கிக்கொண்டு நிக்கிறாள். நான் என்ன செய்ய? கிணத்துக்க நிண்டு "அழாதை அம்மா, அழாதை" எண்டு சொல்ல மட்டும்தான் ஏலுது.

14 நாள். 14 நாள் அந்தப் பிள்ளை சுடுதண்ணி இல்லாமல் இருந்தவள். கடைசியில பாத்தா அங்க ஒரு பழுதும் இல்லை. தாங்கி நல்ல தாங்கி, ஹீற்றர் நல்ல ஹீற்றர். இதை இப்பிடிப் பாவிக்கவேணும் எண்டு சொல்ல ஒரு மனுசர் இல்லை. அதை நினைக்க நினைக்க எனக்கு இண்டைக்கும் வயிறு பத்தி எரியுது.

தைப்பொங்கல் முடிஞ்ச அடுத்த கிழமை போனவள். ஒரு பெரிய வீட்டுக்குப் பின்னால ஒட்டிக் கட்டின சின்ன வீடு. கூட இருக்கிறது ஒரு மட்டக்களப்புப் பிள்ளை, அவளும் அதே கிழமைதான் வந்தவள். வீட்டுக்காரர் எங்கட தமிழ் ஆள், போய் இருவது வருசத்துக்கு மேல. வந்தவர், கார் எஞ்சினையும் நிப்பாட்டாமல் வாசலில நிண்டு திறப்பைக் குடுத்தவர். குப்பை வைக்கிற நாளைச் சொன்னவர். வாடகை போடுற நாளை ரெண்டு தரம் சொன்னவர். சுடுதண்ணியைப் பற்றி ஒரு வாய்ச்சொல் இல்லை. வீட்டுக்குள்ள கால் வைக்கவே இல்லை.

குளிக்கிற அறைக்குப் பக்கத்தில ஒரு அலுமாரி. திறந்தா அவள் உயரத்துக்கு ஒரு தாங்கி, பச்சை நுரை பூசிக் கிடக்கு. பக்கத்துச் சுவரில மேல ஒண்டு, கீழ ஒண்டு எண்டு ரெண்டு சுவிட்ச். மேல் சுவிட்சில ஆரோ டேப் ஒட்டி, பாவிக்கவேண்டாம் எண்டு எழுதிவைச்சிருக்கினம். கீழ் சுவிட்சில எழுதியிருந்தது அழிஞ்சு போச்சு. பிள்ளை என்ன செய்யும்? டேப் ஒட்டினதைத் தொடேல்லை. பகலில கீழ் சுவிட்சைப் போட்டுப் பாத்திருக்கிறாள், லைட் எரியேல்லை. பழுது எண்டு நினைச்சு வீட்டுக்காரருக்கு எழுதினவள். மூண்டு நாள் பதிலே இல்லை.

அந்த மூண்டு நாளும், பேந்து வந்த நாளுகளும், கேத்தலில தண்ணி கொதிக்கவைச்சுக் குளிச்சதுகள். 1.7 லீற்றர் கேத்தல். ஒரு வாளிக்கு ஆறு தரம் கொதிக்கவைக்கோணும். ஆறாவது கொதிக்கேக்குள்ள முதலாவது ஊத்தினது ஆறிப்போகும். ஒரு நாள் கொதிதண்ணியைக் காவிக்கொண்டு போகேக்க மற்றப் பிள்ளையின்ர காலில ஊத்துப்பட்டு, புறங்கால் தோல் உரிஞ்சு போச்சு. கொப்புளத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினவள். அதை அம்மாவுக்கு நான் இன்னும் காட்டேல்லை.

நாலாம் நாள் பதில் வந்தது. "முந்தி இருந்த ஆக்கள் ஒழுங்காத்தான் பாவிச்சவை. வன்னியில சுடுதண்ணி கண்டதில்லையோ?"

இந்த வரியை நான் எத்தினை தரம் வாசிச்சிருப்பன் எண்டு எனக்கே தெரியாது.

கண்டிருக்கிறம் ஐயா. அக்காவுக்குப் பிள்ளை பிறந்த நேரம், நொச்சி, வேப்பிலை, ஆடாதோடை எல்லாம் போட்டு அம்மா கிடாரத்தில தண்ணி கொதிக்கவைச்சது எனக்கு நல்ல ஞாபகம். பாலை விறகு எரியிற மணம் இப்பவும் மூக்குக்க நிக்குது. 2009 இல செட்டிகுளம் மனிக் பாம் அகதி முகாமில, தண்ணி பவுசர் வரிசையில நிண்டு வாங்கின தண்ணியை, மூண்டு கல்லு வைச்சுக் கொதிக்கவைச்சு வடிச்சுத்தான் இந்தப் பிள்ளைக்குப் பருக்கினது. அப்ப அவளுக்கு ஏழு வயசு. சுடுதண்ணி எண்டா எங்களுக்கு நெருப்பு கண்ணுக்குத் தெரியும், புகை தெரியும், விறகு முடிஞ்சா முடிஞ்சது எண்டு தெரியும். அங்க நெருப்பை அலுமாரிக்குள்ள ஒளிச்சுவைச்சிருக்கினம். காட்டித் தராமல் ஆருக்கு விளங்கும்? லண்டனில பிறந்தவனைக் கொண்டுவந்து எங்கட மண்ணெண்ணெய்த் தண்ணி மிசினுக்கு முன்னால விட்டா, காத்து எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணுவானோ? அவனைப் பாத்து நாங்கள் மிசின் கண்டதில்லையோ எண்டு கேப்பமோ? ஸ்டார்ட் பண்ணுற கயித்தைப் பிடிச்சுக் காட்டுவம்.

நான் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில, விசுவமடுவில தண்ணி மிசின் திருத்துற ஆள். ஒரு மிசின் திருத்திக் குடுத்தா, காசைக் கையில வாங்க முதல் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவன். கணவன் இல்லாத எத்தினையோ அக்காமார் தனியத் தோட்டம் செய்யினம். தண்ணி ஏறாட்டி என்ன செய்யிறது, காத்து எங்க நிக்கும், எந்த நட்டைத் தளத்தினா போகும் எண்டு அவையின்ர கையாலயே செய்விச்சுப்போட்டுத்தான் வெளிக்கிடுவன். 3,000 ரூபா வேலைக்கே அது முறை எண்டா, மாசம் மாசம் பவுண் கணக்கில வாடகை வாங்கிறவருக்கு அந்த முறை இல்லையோ?

சரி, அந்த அலுமாரிக்கு வாறன். 14ஆம் நாள் நான் கிணத்தால ஏறிவந்து, வேம்புக்குக் கீழ இருந்து, "போனைத் திருப்பி கரண்ட் மீற்றரைக் காட்டு" எண்டன். மீற்றரில ரெண்டு கணக்கு மாறி மாறி வருது. எங்கட வீட்டு மீற்றரில ஒரு கணக்குத்தானே. அப்பதான் எனக்குப் பொறி தட்டினது. பேந்து தேடி வாசிச்சன். எக்கொனமி 7 எண்டு ஒரு முறை, 1978 இல தொடங்கினது. இரவில 7 மணித்தியாலம் கரண்ட் மலிவு. அந்த நேரம் தாங்கித் தண்ணியைச் சூடாக்கி, பகல் முழுக்க வைச்சுப் பாவிக்கிறது. கீழ் ஹீற்றருக்கு அந்த இரவுக் கரண்ட் மட்டும்தான் வரும். பகலில நீ ஆயிரம் தரம் சுவிட்சைப் போட்டாலும் அது எரியாது. மேல் ஹீற்றர் அவசரத்துக்கு, பகல் விலையில ஓடும். செலவு கூட எண்டுதான் ஆரோ டேப் ஒட்டியிருக்கினம்.

"அப்ப இரவில கீழ் சுவிட்ச் போட்டுத்தானே இருக்கு?" எண்டு கேட்டனான். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "இல்லை அண்ணா, படுக்க முதல் எல்லா சுவிட்சையும் நிப்பாட்டிப்போட்டுத்தான் படுக்கிறனான்."

எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. அது அம்மா பழக்கினது. எங்கட வீட்டுக்குக் கரண்ட் கம்பி வந்ததே சண்டை முடிஞ்ச பிறகுதான், அம்மாவுக்கு இண்டைக்கும் கரண்ட் எண்டாப் பயம். மாரியில இடி மின்னல் தொடங்கினா ஒரு பிளக் விடமாட்டா. படுக்க முதல் வீடு முழுக்க ஒருக்காச் சுத்தி எல்லாத்தையும் நிப்பாட்டுவா. சுவிட்சும் எங்கட சுவிட்ச் மாதிரியே இருக்கு, கீழ அமத்தினா எரியும். நல்ல பிள்ளையா அம்மா சொன்னதைச் செய்து, தண்ணி சூடாகிற அந்த 7 மணித்தியாலமும் அதை நிப்பாட்டி வைச்சிருக்கிறாள். 14 இரவு.

"இண்டைக்கு அதைப் போட்டுவிட்டுப் படு" எண்டன்.

அடுத்த நாள் 11.20க்கு கோல் வந்தது. ஒண்டும் கதைக்கேல்லை. குழாய்க்குக் கீழ கையைப் பிடிச்சுக் காட்டினாள். கண்ணாடியில ஆவி படிஞ்சு அவளின்ர முகமே தெரியேல்லை.

ஒரே ஒரு வசனம், "கீழ் சுவிட்சை எப்பவும் போட்டு வையுங்கோ." அதைச் சொல்ல அந்த மனுசனுக்கு எத்தினை நிமிசம் போயிருக்கும்?

கணக்கையும் சொல்லிவிடுறன், அடுத்ததா போற பிள்ளையளுக்கு உதவும். 150 லீற்றர் தண்ணியை 10 பாகையில இருந்து 60க்குக் கொண்டுவர 9 யூனிட் மட்டில போகும். 3 கிலோவாட் ஹீற்றர் எண்டா மூண்டு மணித்தியாலம். அதுக்காக 60ஐக் குறைச்சு மிச்சம் பிடிக்கப் போகாதேங்கோ. இளஞ்சூட்டில தேங்கி நிக்கிற தண்ணியில லீஜனெல்லா எண்டு ஒரு கிருமி வளரும், அது சுவாசப்பைக்குக் கூடாது. 60 எண்டு வைக்கச் சொல்லுறது அதுக்காகத்தான். குழாயால வரேக்க அது தோலைச் சுடுற சூடு, பச்சைத் தண்ணி கலந்துதான் குளிக்கோணும்.

எனக்கு வீட்டுக்காரரில மட்டும் கோபம் இல்லை. பிள்ளையை அனுப்பவெண்டு காணியை ஈடு வைச்சு, அம்மாவின்ர தாலிக்கொடியையும் அடகு வைச்சுக் காசு கட்டினனாங்கள். ஏஜென்சிக்காரர் விசாவுக்கு என்ன சொல்லோணும், எயார்போட்டில என்ன சொல்லோணும் எண்டு ஒரு நாள் முழுக்க வகுப்பு வைச்சவை. மிளகாய்த்தூள் எத்தினை கிலோ கொண்டுபோகலாம் எண்டும் சொன்னவை. வீட்டுக்குள்ள போய் எப்பிடிச் சீவிக்கிறது எண்டு ஒரு சொல் இல்லை. அங்க இருக்கிற சொந்தக்காரரைக் கேட்டா, "எல்லாம் பழகிடும், நாங்களும் அப்பிடித்தான் வந்தனாங்கள்." நீங்கள் கஷ்டப்பட்டு வந்தனீங்கள் எண்டா, பின்னால வாற பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் தெரிஞ்ச நீங்கள்தானே முதல் ஆளாப் போய் நிண்டிருக்கோணும்? ஒரு சனிக்கிழமை போய் அலுமாரியைத் திறந்து பாக்க ஏலாமப் போச்சோ?

சித்திரையில வேற வீடு மாறினாள். அங்க தாங்கியே இல்லை, படிச்சதெல்லாம் வீண். குசினிச் சுவரில ஒரு வெள்ளைப் பெட்டி, காஸ் பொய்லர். குழாயைத் திறக்கிற நேரம் பத்தி, தண்ணியைச் சூடாக்கித் தரும். அறையைச் சூடாக்கிற ரேடியேற்றருக்கும் அதில இருந்துதான் சுடுதண்ணி ஓடும். ரெண்டாம் கிழமையே நிண்டுபோச்சு. இந்த வீட்டுக்காரரும் எங்கட ஆள்தான். வந்து பாக்கேல்லை. "நீங்கள் என்னத்தையோ அமத்தியிருக்கிறியள்" எண்டு போனிலேயே தீர்ப்புச் சொல்லிப்போட்டார்.

ஆனா அந்தப் பெட்டிக்குக் கீழ ஒரு அமுக்கமானி இருந்தது. அது என்ர பாசை. முள்ளு 0.3 இல கிடக்கு. ஆறியிருக்கேக்க 1க்கும் 1.5க்கும் இடையில நிக்கோணும், பார் எண்ட அமுக்கக் கணக்கில. அடியில கம்பி பின்னின ஒரு வளையுற குழாய், அதுக்குக் கறுப்புக் கைபிடி ரெண்டு. ரெண்டையும் மெள்ளத் திறக்கச் சொன்னன், முள்ளு 1.2க்கு வந்த உடன பூட்டச் சொன்னன். பெட்டியின்ர மூடியில மட்டும் கை வைக்கவேண்டாம் எண்டு கண்டிப்பாச் சொன்னனான். காஸ் வேலைக்கு அங்க பதிவு செய்த ஆக்கள் இருக்கினம், அவைதான் திறக்கலாம். பொய்லர் பத்தினது. மூண்டாம் நாள் முள்ளு திரும்ப 0.4.

எங்கேயோ ஒழுகுது. மிசின்காரனுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. அறை அறையாப் போய்க் கார்ப்பெட்டைக் கையால தடவிப் பார் எண்டன். ஜன்னலுக்குக் கீழ இருந்த ரேடியேற்றரின்ர வால்வுக்கு அடியில சொத சொத எண்டு ஈரம், கார்ப்பெட் கறுத்துப் பூசணம் பிடிச்சுக் கிடக்கு. மாசக் கணக்கா ஒழுகியிருக்கோணும். படம் எடுத்து அனுப்பினா, வீட்டுக்காரர் கேக்கிறார், கார்ப்பெட்டுக்குக் காசு ஆர் தாறது எண்டு! என்ர தங்கச்சி அந்த வீட்டுக்கு வந்து ரெண்டு கிழமை!

அண்டைக்கு இரவு நான் படுக்கேல்லை, இருந்து வாசிச்சன். இங்கிலாந்தில 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு, அதின்ர 11ஆம் பிரிவு. வீட்டைச் சூடாக்கிற, தண்ணியைச் சூடாக்கிற பொருத்துகளைத் திருத்தி வைச்சிருக்கிறது வீட்டுக்காரரின்ர கடமை. 1998ஆம் ஆண்டு காஸ் விதியின்படி, பொய்லரை 12 மாசத்துக்கு ஒருக்காப் பதிவு செய்த ஆளைக் கொண்டு சோதிக்கோணும். சோதிச்ச பத்திரத்தின்ர பிரதியைப் புதுசா வாற ஆளுக்குக் குடியேற முதலே குடுக்கோணும். 2022 ஐப்பசி 1 இல இருந்து, பொய்லர் இருக்கிற அறையில காபன் மொனொக்சைட் அலாரம் பூட்டியிருக்கோணும். அந்த வாயுவுக்கு மணம் இல்லை, நித்திரையிலயே ஆளை முடிச்சுப்போடும். குசினியை வீடியோவில மூலை மூலையாக் காட்டச் சொல்லிப் பாத்தன். அலாரம் இல்லை.

முதல் வேலையா அவளை ஒரு அலாரம் வாங்கி வைக்கச் சொல்லி, காசு நான் அனுப்பினனான். பேந்து, ரேடியேற்றரைத் திருத்துங்கோ, காஸ் சோதிச்ச பத்திரத்தைத் தாங்கோ எண்டு மரியாதையா எழுதச் சொன்னன். "வந்த உடன சட்டம் கதைக்கிறியளோ" எண்டு ஒரு பதில். ரேடியேற்றருக்கு ஒரு ஆள் வந்து வால்வை மாத்திப்போட்டுப் போனவர். முள்ளு இப்ப 1.3 இல அசையாமல் நிக்குது, ஒவ்வொரு நாளும் படம் எடுத்து அனுப்புறாள்.

பத்திரம் கேட்டு இண்டைக்கு 17 நாள். இன்னும் வரேல்லை. இண்டைக்குப் பின்னேரம் அவருக்கு நானே கோல் எடுக்கப்போறன்.