சின்ன ஊரின் சுகம் உங்களுக்கு, சிரமம் மட்டும் எங்களுக்கா?

அந்த வீடியோவை நானும் பார்த்துவிட்டேன். இனி யாரும் இன்பாக்ஸில் அனுப்ப வேண்டாம். பெங்களூரில் இருந்து வந்து ஒயிட் டவுனில் வாடகைக்குத் தங்கி லேப்டாப்பில் வேலை பார்க்கிற அந்தத் தம்பி சொன்னதை ஒரு முறைக்கு மேல் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. பாண்டி அழகான சின்ன ஊராம். ஆனால் ஊர்க்காரர்களுக்கு வேலை செய்வதே பிடிக்காதாம். மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்களாம். வெளியூர்க்காரர்கள் வந்துதான் இந்த ஊரை வாழ வைக்கிறார்களாம். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. அதில் பாதி நம் ஊர்ப் பிள்ளைகள் போட்டது. அந்தத் தம்பி பேசியதைவிட எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

சின்ன ஊர் பிடித்திருக்கிறதா, தாராளமாக வந்து இருங்கள். யாரும் கதவைச் சாத்தவில்லை. ஆனால் சின்ன ஊரின் சுகத்தை எல்லாம் நீங்கள் எடுத்துக்கொண்டு, சிரமத்தை மட்டும் எங்கள் தலையில் கட்டிவிட்டு, கடைசியில் எங்களையே சோம்பேறி என்று சொல்லாதீர்கள். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. பதிவு எவ்வளவு நீண்டாலும் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த மதியத் தூக்கம். என் அப்பா பாரதி வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். காலை எட்டரைக்குத் திறப்பார். ஒரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்குவார். வேலை செய்த பையன்கள் அரியாங்குப்பம் வரை சைக்கிளில் போய் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அப்பா சிமெண்டுத் தரையில் பாயை விரித்து, கணக்கு நோட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்திருப்பார். தெரிந்த கொத்தனார் யாராவது வந்து ஷட்டரைத் தட்டினால், படுத்தபடியே ஒரு பொட்டலம் ஆணியை அடியில் தள்ளிவிடுவார். காசு சாயங்காலம். நாலு மணிக்கு மறுபடி திறந்தால் மூடுவதற்கு ஒன்பதரை ஆகிவிடும். கூட்டிப் பாருங்கள், பத்து மணி நேரம் வருகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவருக்குக் காலை பதினொரு மணிக்குத்தான் விடிகிறது என்பது அவருடைய மற்ற வீடியோக்களைப் பார்த்தாலே தெரியும்.

வேலை நேரத்தைப் பற்றி இந்த ஊருக்கா பாடம்? 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா மில் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலைக்கும் சங்கம் வைக்கும் உரிமைக்கும் நடந்த போராட்டம் அது. அதற்குப் பிறகுதான் எட்டு மணி நேரம் இங்கே சட்டமானது. அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய வ. சுப்பையா பெயரை அந்தத் தம்பி கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை, அது அவர் குற்றமும் இல்லை. எமோஜி போட்ட நம் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க வேண்டும்.

"நீங்களும் ஒரு காலத்தில் வந்தவர்கள்தானே?" என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம். என் தாத்தா பண்ருட்டிப் பக்கத்தில் இருந்து ரோடியர் மில் வேலைக்கு வந்தவர். வந்தார், இங்கேயே குடும்பம் நடத்தினார், இங்கேயே செத்தார், சன்னியாசித்தோப்பில்தான் எரித்தோம். இந்த ஊர் எப்போதுமே வந்தவர்களுக்கு இடம் கொடுத்த ஊர். 1908இல் பிரிட்டிஷ்காரன் பிடித்துவிடுவான் என்று பாரதியார் வந்தார், பத்து வருடம் இருந்தார். 1910இல் அரவிந்தர் வந்தார், அவருக்குப் பின்னால் வங்காளத்தில் இருந்தும் குஜராத்தில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் எத்தனை குடும்பங்கள்! எங்கள் தெருவிலேயே ஒரு ஒடியாப் பாட்டி இருந்தார். காலையில் எங்கள் அம்மாவோடு நின்று தமிழில் தண்ணிக் குழாய்ச் சண்டை போடுவார், மதியம் எங்களுக்குப் பாயசம் கொடுத்தனுப்புவார். அவரை யாரும் வெளியூர் என்று நினைத்ததில்லை. குழாய்ச் சண்டையில் கலந்துகொண்டாரே, அது போதாதா? சிரமத்திலும் பங்கு எடுத்துக்கொள் என்றுதான் கேட்கிறேன். வராதே என்று நான் எங்கே சொன்னேன்?

சரி, என்ன சிரமம் என்கிறீர்களா?

நாங்கள் மாநிலம் இல்லை, யூனியன் பிரதேசம். காரைக்கால், மாகே, ஏனாம் எல்லாம் சேர்த்தாலும் நாங்கள் 500 சதுர கிலோமீட்டர் தேறமாட்டோம். அதுவும் ஒரே இடமாக இல்லை. ஒரு துண்டு நாகப்பட்டினத்துப் பக்கம், ஒரு துண்டு கேரளாவுக்குள், ஒரு துண்டு ஆந்திராவுக்குள். பாகூரில் பிறந்து வளர்ந்தவருக்கு அரசு வேலை கிடைத்தால் ஊரே சந்தோஷப்படும். அப்புறம் ஏனாமுக்கு டிரான்ஸ்ஃபர் போட்டுவிடுவார்கள், தெலுங்கு பேசும் ஊரில் போய்க் குப்பை கொட்ட வேண்டும். இந்த நாலு துண்டுக்கும் சேர்த்து மக்களவையில் ஒரே ஒரு எம்.பி. வழக்கு என்றால் சென்னை உயர் நீதிமன்றம். புதுச்சேரிக்குள்ளேயே எல்லை எங்கே முடிகிறது, எங்கே மறுபடி தொடங்குகிறது என்று எங்களுக்கே குழப்பம். காலாப்பட்டு பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் மறுபடி எங்கள் ஊருக்குள் வர வேண்டும். அந்தத் தம்பி ஆசையாகப் படம் பிடித்துப் போட்ட ஆரோவில்லில் பெரும்பகுதி எங்கள் ஊரே இல்லை, விழுப்புரம் மாவட்டம். போகட்டும்.

2020 ஊரடங்கின்போது இந்த எல்லை என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரிந்தது. நான் முத்தியால்பேட்டை. அக்கா தமிழ்நாட்டுப் பக்கம், பெரியமுதலியார்சாவடி. நடந்தே போய்விடலாம். நடுவில் கோட்டக்குப்பத்து எல்லையில் தடுப்புக் கட்டைகள், இந்தப் பக்கம் எங்கள் போலீஸ், அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் போலீஸ். மாமாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் கிடைக்கவில்லை. இங்கே வாங்கி, துணிப்பையில் போட்டு, ஒரு ஏட்டையாவிடம் கெஞ்சி, தடுப்புக்கு மேலாக நீட்டினேன். மாமா முகக்கவசத்தோடு அந்தப் பக்கம் கை நீட்டிக்கொண்டு நின்றார். இரண்டு அடி இடைவெளி. "நல்லா இருக்கியா மாப்ள?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள். சின்ன ஊர் அழகாக இருக்கிறதாம்!

அடுத்தது, "இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், எவ்வளவு இனிமை" என்று சொல்வது. இனிமைதான், மறுக்கவில்லை. ஒரு எம்.எல்.ஏ.வுக்குச் சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். காதுகுத்துக்கும் வருவார், கருமாதிக்கும் வருவார். ரங்கசாமி முதலமைச்சராக இருந்துகொண்டே பழைய யமஹாவில் ஓட்டுப் போட வந்ததை நீங்களும் படம் எடுத்துப் போட்டீர்கள். எங்களுக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் வேலையை இழந்து பார்த்திருக்கிறீர்களா? சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். வரிச்சலுகை இருந்தவரை இருந்தார்கள், அப்புறம் மூட்டை கட்டிவிட்டார்கள். அன்று சாயங்காலம் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனால், மீன் விற்கும் அம்மா வாசலில் உட்கார்ந்து, "உங்க வூட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சாமே, காசு மெதுவா குடும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனசுதான். கடன் கொடுத்தார். ஆனால் என் வீட்டு விஷயத்தை என் வாயால் சொல்லும் உரிமை எனக்கு இல்லாமல் போனது. உங்களுக்கு இந்த ஊரில் தெரிந்தவர் ஒரு காபிக்கடைக்காரர். பிடிக்கவில்லை என்றால் பெங்களூர் இருக்கிறது. எனக்கு?

"வேலை இல்லை என்றால் சென்னைக்குப் போக வேண்டியதுதானே, உங்கள் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் அங்கேதானே இருக்கிறார்கள்?" போனேனே. பல வருடம் கிண்டியில் வேலை பார்த்தேன். பாண்டிக்காரன் என்று தெரிந்த நாளில் இருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே விண்ணப்பம்: "வரும்போது ஒரு பாட்டில்." எங்கள் மேனேஜரும் கேட்டார். நான் ஒருமுறைகூட சென்னையைப் பற்றி வீடியோ போடவில்லை.

"டூரிஸ்ட் காசில்தானே உங்கள் ஊர் ஓடுகிறது?" ஓட்டல்காரர்களுக்கு ஓடுகிறது. மில்கள் இருந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பத்துக்கு மாதச் சம்பளம் வந்தது. நூறு வருடம் தாண்டிய ஏ.எஃப்.டி., என் தாத்தா வேலை பார்த்த அதே மில், 2020இல் மூடியே போனது. சனி, ஞாயிறு வருகிற கார்கள் அதை ஈடு செய்துவிட்டன என்று சொல்கிறவர்கள் முதலியார்பேட்டைப் பக்கம் போய் மில் தொழிலாளர் வீட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கடற்கரை சாலையில் கருங்கல் மேல் உட்கார்ந்து படம் எடுக்கிறீர்கள், அங்கே ஒரு காலத்தில் மணல் இருந்தது. துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகுதான் கடல் அரித்து, கல் கொட்ட வேண்டி வந்தது. உங்களுக்கு அது பின்னணிக் காட்சி.

தனி மாநில விஷயத்துக்கு வருகிறேன். நேற்று என் நண்பரே, "இவ்வளவு சின்ன இடத்துக்கு எதுக்கு மாநில அந்தஸ்து, தமிழ்நாட்டோடு சேர்த்துவிட வேண்டியதுதானே" என்று எழுதியிருந்தார். படித்தவர் அவர். கோவாவும் சின்னதுதான், 1987இல் மாநிலமாகிவிட்டது. நாங்கள் சட்டசபையில் எத்தனையோ முறை தீர்மானம் போட்டு அனுப்பிவிட்டோம், டெல்லியில் அது எந்த அலமாரியில் இருக்கிறதோ. ஜி.எஸ்.டி. வசூலிக்கும்போது எங்களை மாநிலம் என்கிறார்கள். மத்திய நிதிக்குழு பணம் பிரிக்கும்போது நாங்கள் மாநிலம் கிடையாது. சட்டசபைக்கு நாங்கள் 30 பேரைத் தேர்ந்தெடுத்தால் டெல்லி 3 பேரை நியமிக்கிறது, அவர்களுக்கும் ஓட்டு உண்டு. உச்ச நீதிமன்றமே 2018இல் சரி என்று சொல்லிவிட்டது. ஆடி ஐந்தாம் வெள்ளியில் வீராம்பட்டினம் தேரை அந்தக் காலத்தில் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கி வைத்தார், இப்போது துணைநிலை ஆளுநர் தொடங்கி வைக்கிறார். அன்று பாரிஸ் அனுப்பிய ஆள், இன்று டெல்லி அனுப்பிய ஆள். தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறவர்கள் அன்றும் இன்றும் நாங்கள்தான்.

காரைக்கால் நண்பர்கள் இப்போதே டைப் அடிக்க ஆரம்பித்திருப்பார்கள்: "டெல்லி உங்களுக்குச் செய்வதைத்தானே நீங்கள் எங்களுக்குச் செய்கிறீர்கள்?" தெரியும். அதைத் தனியாகப் பேசலாம், இந்தப் பதிவில் வேண்டாம்.

"இதெல்லாம் வெளியூர்க்காரர் மேல் வெறுப்பு" என்று ஒருவர் கட்டாயம் வருவார். வெறுப்பு என்றால் என் எதிர்வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். மில்லில் வேலை பார்த்தவர் குடும்பம் இருபது வருடத்துக்கும் மேல் வாடகைக்கு இருந்த வீடு அது. முன்னால் திண்ணை, உள்ளே முற்றம், பின்னால் கிணறு. போன வருடம் காலி பண்ணச் சொல்லி, திண்ணைக்கு மஞ்சள் அடித்து, ஹோம்ஸ்டே ஆக்கிவிட்டார்கள். வீட்டுக்காரரும் உள்ளூர்தான், அவரை எனக்குச் சின்ன வயதில் இருந்தே தெரியும். அவரைக் கேட்டால், "மாச வாடகையை ரெண்டு சனி ஞாயிறுல எடுத்துடறேன், நீயா இருந்தா என்ன செய்வ?" என்கிறார். எனக்குப் பதில் வரவில்லை. காலி செய்த குடும்பம் இப்போது வில்லியனூர் தாண்டி எங்கேயோ இருக்கிறது. அந்த வீட்டு அம்மா ஒருமுறை வந்து மஞ்சள் திண்ணையைப் பார்த்துவிட்டு, உள்ளே தங்கியிருந்த யாரோ அவரிடம் "ரூம் வேணுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது ஊர்க் கதை மட்டும் இல்லை, இப்போது என் கதையும்தான். மகனுக்குத் தையில் கல்யாணம். எங்கள் வீடு அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்த வீடு, என் பங்குக்கு ஒரு ரூமும் ஒரு ஹாலும். தனியாக வீடு பார்க்கத்தான் வேண்டும். இங்கே கேட்கிற வாடகைக்கு அவன் சம்பளம் போதாது. கோட்டக்குப்பத்தில் கொஞ்சம் குறைவு, ஆனால் அங்கே போனால் அது வேறு மாநிலம். ரேஷன் கார்டு மாறும், ஓட்டு மாறும், நாளைக்குப் பேரப்பிள்ளை சென்டாக்கில், அதாவது எங்கள் அரசின் கல்லூரிச் சேர்க்கைக் குழுவில், ஒரு சீட்டுக்கு விண்ணப்பிக்கப் போனால் குடியிருப்புச் சான்றிதழ் கேட்பார்கள். நாலு தெரு தள்ளிப் போனதற்காக என் பேரன் இந்த ஊர்க்காரன் இல்லாமல் போய்விடுவான். பெங்களூரில் இருந்து வந்த தம்பிக்கு இந்தக் கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை, மூன்று மாத அட்வான்ஸை ஜி.பே. செய்தால் முடிந்தது. அவர்தான் எங்களை வாழ வைக்கிறார்!

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு யாராவது அனுப்பத்தான் போகிறீர்கள், அனுப்புங்கள். அதோடு, முத்தியால்பேட்டை, சோலை நகர் பக்கம் தைக்குள் இரண்டு ரூம் வீடு ஏதாவது காலியானால் எனக்குச் சொல்லுங்கள். மாடி என்றாலும் பரவாயில்லை, தண்ணீர் மட்டும் உப்புக் கரிக்காமல் வர வேண்டும். ஹோம்ஸ்டேக்கு விடுகிற எண்ணம் இருப்பவர்கள் தயவுசெய்து தொடர்பு கொள்ள வேண்டாம்.