போதை வாசலில், சிகிச்சை வேறு ஊரில்

போதைப் பழக்கம் என்றதும் பெருநகரத்துச் சந்துகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் கடந்த முப்பது வருடங்களில் அமெரிக்காவில் இது மிக மோசமாக அடித்த இடங்களில் பல, சில ஆயிரம் பேர் மட்டும் வாழும் சின்ன ஊர்கள். அங்கே இவ்வளவு பேர் ஏன் செத்தார்கள் என்று தேடிப் படிக்கப் படிக்க, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறேன். போதை அந்த ஊருக்குள் வந்துவிட்டது, அதற்கான மருத்துவம் வரவில்லை. ஒழுக்கம், வளர்ப்பு, காலம் கெட்டுப்போச்சு என்று என்ன காரணம் சொன்னாலும், இந்த ஒன்றைச் சரிசெய்யாமல் மற்றதைப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பதிவு நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஸ்காட் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) என்று ஒரு பகுதி. மொத்த ஜனத்தொகையே சுமார் 24,000. அதற்குள் ஆஸ்டின் என்று ஒரு சிற்றூர், சுமார் 4,200 பேர். அந்தக் கவுண்டியில் அதுவரை வருடத்துக்கு ஐந்துக்கும் குறைவாகத்தான் புதிய எச்.ஐ.வி. தொற்று பதிவாகும். 2014 கடைசியில் திடீரென்று வரிசையாக வர ஆரம்பித்தது, 2015 நவம்பருக்குள் 181 பேர். காரணம் ஆக்ஸிமார்ஃபோன் என்ற வலி மாத்திரை. அதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிலர் ஒரே நாளில் 4 முதல் 15 தடவை வரை போட்டுக்கொண்டார்கள், ஒவ்வொரு தடவையும் கூட ஒருவரிலிருந்து ஆறு பேர் வரை. ஒரே வீட்டில் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே சிரிஞ்சைப் பகிர்ந்துகொண்டதும் பதிவாகியிருக்கிறது. தொற்று வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹெபடைடிஸ் சி-யும் (ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று) இருந்தது. அதாவது சிரிஞ்ச் கை மாறுவது ஏற்கெனவே ஊர் முழுக்க நடந்துகொண்டிருந்தது, எச்.ஐ.வி. கடைசியாக வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். ஹெபடைடிஸ் சி முன்கூட்டியே மணி அடித்தும் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கவுண்டியின் மற்ற எண்களையும் பாருங்கள். வறுமையில் 19 சதவீதம் பேர், வேலையில்லாதவர்கள் கிட்டத்தட்ட 9 சதவீதம், பள்ளிப் படிப்பை முடிக்காத பெரியவர்கள் 21 சதவீதம். ஆஸ்டினில் ஊருக்கே ஒரு மருத்துவர். எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவந்த ஒரு கிளினிக் 2013-லேயே மூடப்பட்டிருந்தது. இந்த எண்களைச் சும்மா பின்னணித் தகவலாகப் படித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. சின்ன ஊரிலிருந்து படித்தவர்கள், இளைஞர்கள், வேலை தேடுபவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். மிஞ்சுவது வயதானவர்கள், உடலுழைப்பில் முதுகும் முட்டியும் போனவர்கள், போக வழியில்லாதவர்கள். ஆள் குறைந்தால் மருத்துவமனை நடத்துவது கட்டுப்படியாகாது என்று மூடுவார்கள், மருத்துவமனை இல்லாத ஊருக்கு மருத்துவர் வரமாட்டார், மருத்துவர் இல்லாத ஊரில் தங்க இன்னும் கொஞ்சம் பேர் யோசிப்பார்கள். வலி மட்டும் அங்கேயே இருக்கும். வலிக்கு ஒரு பிசியோதெரபிஸ்டைத் தேடி மணிக்கணக்கில் வண்டி ஓட்டுவதைவிட ஒரு மாத்திரைச் சீட்டு சுலபம்.

அந்த மாத்திரைகள் தானாக வந்தவை இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்ற நிலக்கரிச் சுரங்கப் பகுதி ஊர், மக்கள் சுமார் 400 பேர். அங்கே ஒரே மருந்துக்கடைக்கு இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட 90 லட்சம் ஹைட்ரோகோடோன் மாத்திரைகளை மொத்த விற்பனையாளர்கள் அனுப்பியிருக்கிறார்கள். இதை வெளியே கொண்டுவந்தவர் சார்ல்ஸ்டன் கெசட்-மெயில் நாளிதழின் எரிக் எயர், அதற்காக 2017-இல் புலிட்சர் பரிசு பெற்றார். 400 பேர் ஊருக்கு 90 லட்சம் மாத்திரையை லாரியில் ஏற்றி அனுப்பும்போது கணக்குப் பார்க்க ஒருவர்கூட இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது. அப்புறம் அந்த ஊர்க்காரனுக்குத்தான் மன உறுதி இல்லை என்று பேசுவார்கள்.

சின்ன ஊருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. அங்கே நடக்கும் சாவு எண்ணிக்கையாகக்கூட வெளியே தெரியாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிடும் இறப்புத் தரவில் ஒரு கவுண்டியில் ஒரு காரணத்தால் 1 முதல் 9 பேர் வரை இறந்திருந்தால் அந்தக் கட்டத்தில் எண்ணே போடமாட்டார்கள், தனிநபர் அடையாளம் தெரிந்துவிடும் என்பதற்காக. 20-க்குக் கீழே இருந்தால் விகிதம் நம்பத்தகுந்ததல்ல என்று குறித்துவிடுவார்கள். காரணம் நியாயமானதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். ஐயாயிரம் பேர் உள்ள ஓர் ஊரில் ஒரே வருடம் ஆறு பேர் போதை மருந்து அளவு மீறிச் செத்தால் அது பேரழிவு, ஒரு தெரு விடாமல் சாவு வீடு. அட்டவணையில் அந்த இடம் காலியாக இருக்கும். எண் இல்லாத இடத்துக்குப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்க எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்?

உடம்பில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல்தான் குடும்பங்கள் நல்லது செய்வதாக நினைத்து ஆபத்தில் தள்ளுகின்றன. ஹெராயின், ஃபென்டானில், இந்த வலி மாத்திரைகள் எல்லாமே ஓபியாய்டு வகை. இவை மூளையில் மூச்சை நடத்தும் பகுதியை மந்தமாக்கும். அளவு மீறினால் மூச்சு மெதுவாகி நின்றுபோகும், அப்படித்தான் சாவு வருகிறது. கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் குறைந்த அளவிலேயே அது நடக்கும். தொடர்ந்து எடுப்பவரின் உடம்பு பழகிக்கொண்டே போகும், முன்பு போதுமாக இருந்த அளவு போதாமல் போகும். நிறுத்தினால் வாந்தி, பேதி, உடம்பு முறுக்கல், தூக்கமின்மை. நாளடைவில் அவர் சுகத்துக்காக எடுப்பது குறைந்து, இந்த அவஸ்தை வராமல் இருக்கத்தான் எடுக்கிறார். ஊசி போடுபவர்களுக்கு இதற்கு மேல் சீழ்க்கட்டி, இதய வால்வில் தொற்று, ஹெபடைடிஸ் சி.

இப்போது முக்கியமான விஷயம். ஒருவரைத் தூக்கிக்கொண்டுபோய் இரண்டு மூன்று வாரம் எங்கேயோ அடைத்து, உடம்பிலிருந்து எல்லாம் இறங்கிய பிறகு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டால் குணமாகிவிட்டார் என்று நினைக்கிறோம். இறங்கியது போதை மட்டும் இல்லை, உடம்பின் தாங்கும் சக்தியும் சேர்ந்து இறங்கிவிட்டது. ஏக்கம் அப்படியே இருக்கிறது. திரும்பிய ஊரில் அதே நண்பர்கள், அதே வேலையின்மை. ஒரு நாள் பழைய அளவையே எடுப்பார், மூச்சு நின்றுவிடும். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களை வைத்து 2007-இல் வெளியான ஆய்வில், வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அளவு மீறி இறக்கும் அபாயம் மற்ற மக்களைவிட 129 மடங்கு இருந்தது. மருந்துத் தொடர்ச்சி இல்லாமல் வெறும் நிறுத்தலோடு வீட்டுக்கு அனுப்பும் எந்த மையமும் அதே ஆபத்தைத்தான் கையில் கொடுத்து அனுப்புகிறது. இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

வேலை செய்யும் மருந்துகள் இருக்கின்றன. மெதடோன் 1960-களிலிருந்து சிகிச்சையில் இருக்கிறது. புப்ரனார்பின் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரையாக வருகிறது, ஏக்கத்தையும் அவஸ்தையையும் அடக்கும், ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் மூச்சை அமுக்காது. இரண்டையும் 2005-லேயே உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மாசசூசெட்ஸில் ஒருமுறை அளவு மீறிப் பிழைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, மெதடோன் எடுத்தவர்களிடம் சாவு 59 சதவீதமும் புப்ரனார்பின் எடுத்தவர்களிடம் 38 சதவீதமும் குறைவாக இருந்தது. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று இதைக் கேலி செய்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலையில் வேலைக்குப் போய், பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ஊசியைத் தொடாமல் ஒருவர் பத்து வருடம் வாழ்ந்தால் உங்களுக்கு அதில் என்ன நஷ்டம்? (மெத்தம்பெட்டமைன் என்ற வேறு வகைப் போதைக்கு இப்படி அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது. சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரும் ஒவ்வொரு முறையும் சின்னப் பரிசு கொடுத்து ஊக்குவிக்கும் முறைக்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது. அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

மருந்து இருந்தும் சின்ன ஊருக்கு ஏன் வரவில்லை? விதிகளை எழுதியவர்கள் பெருநகரத்தை மனதில் வைத்து எழுதினார்கள். அமெரிக்காவில் போதைச் சிகிச்சைக்கான மெதடோனை அதற்கென உரிமம் பெற்ற மையத்தில்தான் வாங்க வேண்டும், ஆரம்பத்தில் பெரும்பாலும் தினமும் நேரில் போய். மையம் பக்கத்துத் தெருவில் இருந்தால் சரி. ஒரு மணி நேர தூரத்தில் இருந்தால், பஸ் இல்லாத ஊரில், வண்டி இல்லாதவர், தினமும்? அவருக்கு வேலை எப்படி நிலைக்கும்? புப்ரனார்பின் எழுத மருத்துவர்களுக்குத் தனிப் பயிற்சி, தனி அனுமதி, முதல் வருடம் 30 நோயாளிகள் என்ற வரம்பு எல்லாம் இருந்தன. அதே மருத்துவர் ஆக்ஸிகோடோன் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையை எழுத இந்தத் தடை எதுவும் இல்லை! 2016 வாக்கில் கிராமப்புறக் கவுண்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அந்த அனுமதி பெற்ற மருத்துவர் ஒருவர்கூட இல்லை. 2022 டிசம்பரில் வந்த சட்டம்தான் அந்த அனுமதி முறையை ஒழித்தது. இருபது வருடம் தாமதம்.

பிரான்ஸ் இதை வேறு மாதிரி செய்தது. 1995 முதல் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே புப்ரனார்பின் எழுதலாம் என்று விட்டுவிட்டார்கள். நாலே வருடத்தில் அளவு மீறிய சாவுகள் 79 சதவீதம் குறைந்தன. சின்ன ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. அதற்கு தூரம் மட்டும் காரணம் இல்லை. எல்லோரும் எல்லோரையும் தெரிந்த ஊரில் 'போதைச் சிகிச்சை மையம்' என்று பலகை மாட்டிய கட்டடத்துக்குள் யார் நுழைகிறார், யாருடைய வண்டி வெளியே நிற்கிறது என்பது சாயங்காலத்துக்குள் மாமியார் வரை போய்விடும். அங்கே வரவேற்பில் உட்கார்ந்திருப்பவரே உங்களோடு படித்தவராக இருப்பார். காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் போகும் அதே கிளினிக்கில் இந்த மாத்திரையும் கிடைத்தால் யார் எதற்கு வந்தார் என்று யாருக்குத் தெரியும்? 2020 பெருந்தொற்றின்போது தொலைபேசி வழியாகவே இதை ஆரம்பிக்க அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அந்த வசதி சின்ன ஊர்களுக்கு நிரந்தரமாக வேண்டும்.

ஆஸ்டினுக்கு வருகிறேன். அப்போது இண்டியானா ஆளுநராக இருந்த மைக் பென்ஸ் சுத்தமான சிரிஞ்ச் கொடுப்பதைக் கொள்கையளவில் எதிர்த்தவர். 2015 மார்ச் கடைசியில் பொது சுகாதார அவசரநிலை அறிவித்து அவரே அதை அனுமதிக்க வேண்டியதாயிற்று. பரிசோதனை, சிகிச்சை, சிரிஞ்ச் எல்லாம் ஒன்றாக வந்ததும் புதிய தொற்று சரிந்தது. பின்னால் 2018-இல் வந்த ஓர் ஆய்வு, இதே நடவடிக்கையை 2013-லேயே எடுத்திருந்தால் தொற்று 56-ஐத் தாண்டியிருக்காது, 2011-இல் எடுத்திருந்தால் பத்துக்குள் முடிந்திருக்கும் என்று கணக்கிட்டது. இதெல்லாம் தெரிந்தும் 2021 ஜூனில் அந்தக் கவுண்டி நிர்வாகிகள் மூவரில் இருவர் சிரிஞ்ச் திட்டத்தை மூட வாக்களித்தார்கள். போதையை ஊக்குவிக்கிறது என்ற அதே பழைய வாதம். திட்டத்துக்கு வந்தவர்கள் அங்கேதான் முதல் தடவையாகப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் பேச்சுக் கொடுத்தார்கள் என்பதை யோசித்திருந்தால் அப்படிக் கை தூக்கியிருக்க முடியாது.

உங்கள் வீட்டில், சொந்தத்தில் யாராவது இப்படி இருந்தால் இரண்டு விஷயம். நலாக்சோன் மருந்தை, மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகக் கிடைத்தால் அதை, வீட்டிலேயே வாங்கி வையுங்கள். சில நிமிடங்களில் மூச்சைத் திரும்பக் கொண்டுவரும். பெருநகரத்தில் ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துவிடும், சின்ன ஊரில் வராது, அந்த இடைவெளியில்தான் உயிர் போகிறது. அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் கண் திறந்துவிட்டார் என்று விட்டுவிடாமல் ஆம்புலன்ஸையும் கூப்பிடுங்கள், தனியாக விடாதீர்கள். அடுத்தது, சேர்த்துவிட எந்த மையத்தைத் தேடினாலும் முதலில் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: புப்ரனார்பினோ மெதடோனோ கொடுப்பீர்களா, வெளியே வந்த பிறகு அதை எங்கள் ஊரில் யார் தொடர்ந்து எழுதுவார்? பதில் சொல்ல முடியாத இடத்தில் உங்கள் பிள்ளையை விடாதீர்கள். ஊர் மருத்துவரிடம் போய், நீங்களே எழுத முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பலரிடம் இதுவரை யாரும் கேட்டதே இல்லை.