காயத்துக்குள் போட வேண்டிய ஊசி

"நாய் கடிச்சா தொப்புளைச் சுத்தி 14 ஊசி" என்று பயமுறுத்துகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்த ஊசி இந்தியாவில் நின்றுபோய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். நாய்க்கடி ஊசி போடும் அறைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். பழைய ஊசிக்குப் பயந்து நாளைக் கடத்திவிட்டு வருகிறவர்கள் ஒரு விதம். கையில் ஊசி போட்டதும் "எல்லாம் முடிஞ்சுது" என்று கிளம்புகிறவர்கள் இன்னொரு விதம். இந்த இரண்டாவது ஆட்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. காயத்துக்குள்ளேயே போட வேண்டிய ஊசி ஒன்று பாக்கி இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

முதலில் பழைய ஊசியின் கதை. 1885 ஜூலை 6 அன்று பாரிஸில், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு லூயி பாஸ்டர் தன் தடுப்பு மருந்தைக் கொடுக்கச் செய்தார். ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய் தாக்கிய முயலின் தண்டுவடத்தை உலர்த்திச் செய்த மருந்து அது. பையன் பிழைத்தான். 1911-ல் இமாசலப் பிரதேசத்தில் இருக்கும் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்து, ஃபீனால் சேர்த்து அதைச் செயலிழக்க வைத்து, ஒரு தடுப்பூசி கொண்டுவந்தார். நம் தாத்தா பாட்டிகள் வயிற்றில் போட்டுக்கொண்டது இதைத்தான். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தரின் நன்கொடை உதவியோடு 1907-ல் தொடங்கிய நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் வெகுகாலம் ஆட்டு மூளை ஊசிதான் தயாரானது.

அதில் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. வைரஸோடு ஆட்டின் மூளைத் திசுவும் உடம்புக்குள் போனது. நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை எதிரி என்று எடுத்துக்கொண்டு, சிலருக்கு உடம்பு தன் சொந்த நரம்பையே தாக்கியது. நாயிடம் தப்பியவர் ஊசியால் கை கால் விளங்காமல் படுத்தார். 1984-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு இந்த வகை ஊசியைக் கைவிடச் சொல்லிவிட்டது. நாம் கைவிட்டது 2004 கடைசியில். நடுவில் அந்த இருபது வருடமும், காசு இருந்தவர்கள் வெளியில் வாங்கி நல்ல ஊசி போட்டுக்கொண்டார்கள். இல்லாதவர்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

இப்போது போடுவது செல் வளர்ப்புத் தடுப்பூசி. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962-ல் ஜப்பானில் உருவாக்கிய வீரோ செல்களில் வைரஸை வளர்த்துத்தான் இதைப் பெரும்பாலும் செய்கிறார்கள். மூளைத் திசு கிடையாது. பாங்காக்கில் செஞ்சிலுவைச் சங்கத்தினர் கண்டுபிடித்துக் கொடுத்த முறைப்படி தோலுக்குள் 0.1 மில்லி, இரண்டு கையிலும். முதல் ஊசி போடும் நாளை 0 என்று கார்டில் எழுதுவோம், பிறகு 3, 7, 28. ஒரு குப்பி மருந்தைப் பல பேருக்குப் போடலாம் என்பதால் அரசுக்குச் செலவும் குறைவு. இந்தியாவில் இதற்கு 2006-ல் அனுமதி கிடைத்தது. வந்தவுடன் போட்டுக்கொண்டு, தவணை தவறாமல் முடித்தால் பிரமாதமான தடுப்பூசி.

அப்புறம் என்ன கவலை என்று கேட்பீர்கள். ஈரானில் 1954 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். வெறிபிடித்த ஓநாய் ஒன்று கிராமத்துக்குள் புகுந்து 29 பேரைக் கடித்தது. 18 பேருக்குத் தலையில், முகத்தில் காயம். தெஹ்ரானில் இருந்த பாஸ்டர் நிறுவனத்துக்கு அவர்களைக் கொண்டுவந்தார்கள். தலையில் கடிபட்டவர்களில் 5 பேருக்குத் தடுப்பூசி மட்டும் போட்டார்கள், 3 பேர் இறந்தார்கள். மற்ற 13 பேருக்குத் தடுப்பூசியோடு ரேபிஸ் எதிர்ப்பு சீரமும் கொடுத்தார்கள், இறந்தது ஒருவர். மண்டையோடு உடைந்து ஓநாயின் பல் மூளை உறை வரை இறங்கியிருந்த ஒரு சின்னப் பையன் கூட சீரத்தால் பிழைத்தான். பயிற்சிக் காலத்தில் இதைப் படித்ததிலிருந்து, முகத்தில் கடியோடு யார் வந்தாலும் எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வரும்.

காரணம் இதுதான். தடுப்பூசி போட்ட பிறகு உடம்பு தானாக, கிருமியைத் தடுக்கும் எதிர்ப்பொருள் உண்டாக்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். ரேபிஸ் வைரஸ் அதுவரை காயத்தில் காத்திருக்காது. பக்கத்தில் உள்ள நரம்புக்குள் புகுந்து மூளையைப் பார்த்து நகர ஆரம்பித்துவிடும். நரம்புக்குள் போய்விட்டால் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளால் அதை லேசில் தொட முடியாது. காலில் கடித்தால் தூரம் அதிகம், பெரும்பாலும் அவகாசம் கிடைக்கும். முகம் மூளைக்குப் பக்கம், விரல் நுனியில் நரம்புகள் அதிகம்; அங்கெல்லாம் கடித்தால் அவகாசம் குறைவு. அந்த இடைவெளியை அடைக்கத்தான் இம்யூனோகுளோபுலின், நாங்கள் சீரம் என்று சொல்வது. தயார் நிலையில் இருக்கும் எதிர்ப்பொருளைக் காயத்துக்குள்ளேயே செலுத்துவது. தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி எல்லாவற்றுக்கும், அதாவது நாங்கள் மூன்றாம் வகை என்று எழுதும் கடிக்கு, இது கட்டாயம்.

ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். கன்னத்திலும் மேலுதட்டிலும் கடி. வீட்டில் காப்பித்தூளும் சுண்ணாம்பும் வைத்து அப்பியிருந்தார்கள். முதலில் வேறு ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே கையில் தடுப்பூசி போட்டு, டெட்டனஸுக்கான டிடி ஊசியும் போட்டு, சீரம் ஸ்டாக் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது மூன்றாவது நாள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினோம். காப்பித்தூள் பழுப்பாக ஓடி முடிந்த பிறகுதான் எத்தனை பல் பட்டிருக்கிறது என்றே தெரிந்தது. மெல்லிய ஊசியைக் காயத்தின் ஓரமாக நுழைத்து மருந்தைத் தள்ளத் தள்ள, உதடு வெளுத்து உப்பிக்கொண்டே வந்தது. குழந்தை கத்திய கத்தலில் பாட்டிக்குத் தாங்கவில்லை. "போதும் சிஸ்டர், அதான் கையில போட்டாச்சே, விட்டுடுங்க." ஒரு காயத்தைக் கூட விட முடியாது, பாட்டி. அதை அவருக்குப் புரியவைக்கப் பட்ட பாடு, ஊசி போடப் பட்ட பாட்டைவிட அதிகம். குழந்தை கார்டில் இருந்த தவணை அத்தனையும் முடித்து, நன்றாக இருக்கிறாள்.

சீரம் ஏன் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை? குதிரைக்குத் தடுப்பூசி போட்டு அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது ஒரு வகை. தடுப்பூசி போட்ட மனிதர்களின் ரத்தத்திலிருந்து எடுப்பது இன்னொன்று, விலை மிக அதிகம். இரண்டுமே நினைத்த அளவுக்குப் பெருக்க முடியாதவை. இந்த இடத்தில்தான் விஞ்ஞானம் நல்ல வழி ஒன்றைத் திறந்திருக்கிறது. ரேபிஸைப் பிடிக்கும் எதிர்ப்பொருளில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் தேர்ந்தெடுத்து, ஆலையில் செல்களை வளர்த்து அதைத் தயாரிப்பது. மோனோகுளோனல் ஆன்டிபாடி என்பார்கள். ரேபிஸுக்கு உலகிலேயே முதன்முதலாக இப்படி ஒரு மருந்து விற்பனைக்கு வந்தது இந்தியாவில்தான்: புனே சீரம் இன்ஸ்டிடியூட்டின் ரேபிஷீல்டு. பிறகு சைடஸ் நிறுவனத்தின் ட்வின்ராப். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இந்த வகை மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் தயாராகும் மருந்து இது. இதை அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஊசி போடும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டியிலும் வைக்க வேண்டும். முகத்தில் கடிபட்ட குழந்தையைப் பஸ் ஏற்றி ஊர் ஊராக அலைய விடுவதை ஏற்றுக்கொள்ளவே முடியாது.

அறிகுறி தெரிந்த பிறகு கொடுக்க இன்றுவரை நம்பகமான மருந்து இல்லை. 2004-ல் அமெரிக்காவில் வௌவால் கடித்த ஒரு சிறுமியை, தடுப்பூசியே போடாத நிலையில், மயக்கத்தில் ஆழ்த்தி வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். உலகமே ஆச்சரியப்பட்டது. அதே முறையைப் பிறகு பலருக்குச் செய்து பார்த்தார்கள், அநேகமாக எல்லாமே தோல்வி. 2023-ல் ஆய்வாளர்கள் ரேபிஸின் நெருங்கிய உறவான ஒரு வைரஸ் மூளைக்குப் போய்விட்ட எலிகளை ஓர் எதிர்ப்பொருளால் காப்பாற்றினார்கள். நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் அது எலி.

கஷ்டமான நோய் என்பதை நான் மறுக்கவில்லை. மூளைக்குள் மருந்தைக் கொண்டுபோவதே பெரும்பாடு. நோயாளியோ பெரும்பாலும் சில நாளுக்கு மேல் தாங்குவதில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். எச்ஐவி வைரஸைக் கண்டுபிடித்தது 1983-ல், முதல் மருந்து 1987-ல் வந்துவிட்டது. கொரோனாவுக்கு இரண்டே வருடத்தில் மாத்திரை வந்தது. ரேபிஸுக்குத் தடுப்பூசி வந்தே 140 வருடம். உலக அளவில் வருடத்துக்குச் சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள் என்று மதிப்பிடுகிறார்கள், பெரும்பாலும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும், ஏறக்குறைய எல்லாருமே ஏழைகள், நிறையப் பேர் குழந்தைகள். மருந்து வந்தால் வாங்கக் காசில்லாதவர்கள். கம்பெனிகள் ஒதுங்குவதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கம்பெனி செய்யாததை அரசுப் பணத்தில்தான் செய்ய வேண்டும். இதில் முன்னால் நிற்க வேண்டிய நாடு நம்முடையது.

சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நாடு முழுக்க வீடு வீடாகக் கணக்கெடுத்து 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் 91 லட்சம் விலங்குக் கடிகள், 5,726 ரேபிஸ் மரணங்கள். நாய் கடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் தடுப்பூசியே போடவில்லை. போட ஆரம்பித்தவர்களிலும் பாதியில் விட்டவர்கள் ஏராளம்.

அதனால் உங்களிடம் கேட்பது இது. நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், மஞ்சள் சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள், அன்றைக்கே வாருங்கள். டிடி ஊசி நாய்க்கடி ஊசி ஆகாது. தோல் கிழிந்திருந்தால் "காயத்துக்குள்ள போடுற ஊசி இருக்கா?" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். முதல் நாள் கிடைக்கவில்லை என்றால், தடுப்பூசி ஆரம்பித்து ஏழு நாளுக்குள் வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். உங்கள் ஊர் மருத்துவமனையில் அது இருக்கிறதா என்று விசாரித்துக் கீழே எழுதுங்கள். எந்தெந்தத் தாலுகாவில் இல்லை என்று ஒரு பட்டியல் சேர்ந்தால், மாவட்ட சுகாதார அலுவலருக்கு மனுவாக எழுதிக் கொடுக்க நான் தயார்.