அரங்கில் கைதட்டல், வாக்குப்பெட்டி வாசலில் துப்பாக்கி

அமெரிக்க அரசியல் பற்றி ஒரு ஆவணப்படம் வெளியானால் இங்கேயும் இரண்டு கேள்விகள்தான் சுற்றும். மக்களுக்குப் பிடித்ததா? ஓட்டு மாறுமா? இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் என்ன வேலையில் இறங்கினார்கள்?

'பிடித்தது' என்பதை அங்கே எப்படி அளக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. படம் வெளியாகும் முதல் நாளே அரங்கிலிருந்து வெளியே வருபவர்கள் கையில் அட்டையைக் கொடுத்து 'ஏ' முதல் 'எஃப்' வரை கிரேடு வாங்குவார்கள். சண்டைப் படத்துக்கும் பேய்ப் படத்துக்கும் இது ஓரளவு சரிவரும். அரசியல் ஆவணப்படத்துக்கு முதல் நாளே காசு கொடுத்து டிக்கெட் எடுப்பவர் யார்? ஏற்கெனவே அந்தக் கட்சிக்காரர். மும்பையில் பிறந்து அமெரிக்காவில் வலதுசாரிப் பிரசாரகராக வளர்ந்த தினேஷ் டிசூசா 2014இல் எடுத்த படத்துக்கு சினிமாஸ்கோரில் 'ஏ பிளஸ்' கிடைத்தது. அது அபூர்வமான கிரேடு. அதே படத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இதில் யார் பொய் சொன்னார்கள் என்று தேடாதீர்கள், யாரும் சொல்லவில்லை. உள்ளே வந்தவர்கள் யார் என்பதைத்தான் அந்த கிரேடு காட்டுகிறது.

அடுத்தது ஓட்டு. அதிபர் புஷ்ஷை விளாசிய மைக்கேல் மூரின் 'ஃபாரன்ஹீட் 9/11' 2004 மே மாதம் கான் விழாவில் தங்கப் பனை விருதை வாங்கி, ஜூன் 25 அன்று அமெரிக்காவில் வெளியானது. முதல் வார இறுதியில் மட்டும் சுமார் 2.4 கோடி டாலர். அமெரிக்க வசூல் மொத்தம் ஏறத்தாழ 11.9 கோடி. ஆவணப்படம் ஒன்று இப்படி ஓடியதே இல்லை. நவம்பரில் புஷ் 6.2 கோடி வாக்குகள், 50.7 சதவீதம் பெற்று மறுபடி வந்து உட்கார்ந்தார். டிசூசா 2012இல் ஒபாமாவுக்கு எதிராக எடுத்த படம் 3.3 கோடி டாலர் வசூலித்தது, ஒபாமா 332 தேர்வாளர் வாக்குகளோடு (மாநிலவாரியாக அதிபரைத் தீர்மானிக்கும் வாக்குகள்) ஜெயித்தார். படம் வராமல் இருந்திருந்தால் வித்தியாசம் இன்னும் கூடியிருக்குமோ என்று வாதாடலாம்தான், ஆனால் அதை நிரூபிக்க வழி கிடையாது.

மூரின் படத்தைப் பார்த்தவர்களிலேயே அதிக விளைவை உண்டாக்கியவர் கைதட்டிய ரசிகர் அல்ல, எதிரி முகாமைச் சேர்ந்த ஒருவர். சிட்டிசன்ஸ் யுனைட்டெட் என்ற பழமைவாத அமைப்பின் தலைவர் டேவிட் பாஸி. மெக்கெய்ன்-ஃபைன்கோல்ட் சட்டம் 2002இல் வந்திருந்தது. நிறுவனங்களோ தொழிற்சங்கங்களோ தங்கள் பொதுப் பணத்தில், பிரைமரிக்கு (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) முந்தைய 30 நாட்களிலும் பொதுத்தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களிலும், வேட்பாளர் பெயரைச் சொல்லும் ஒளிபரப்பு, கேபிள், சாட்டிலைட் நிகழ்ச்சிகளுக்குச் செலவு செய்யக் கூடாது என்பது அதன் விதி. மூர் படத்தின் விளம்பரங்கள் இந்த வலையில் விழும் என்று பாஸியின் அமைப்பு தேர்தல் ஆணையத்தில் புகார் கொடுத்தது. ஆணையம் தள்ளுபடி செய்தது. பாஸி எடுத்துக்கொண்ட பாடம் எளிமையானது: புகார் எழுதி நேரத்தை வீணாக்குவதைவிட நாமே படம் எடுக்கலாம்.

அப்படி வந்ததுதான் 2008இல் ஹிலரி கிளின்டனை விளாசிய 90 நிமிடப் படம். அரங்கில் ஓட்டத் தடை இல்லை, டிவிடி விற்கவும் தடை இல்லை. சிக்கல் ஒரே ஒரு இடத்தில்தான். கேபிள் வீடியோ-ஆன்-டிமாண்டில் இலவசமாகக் காட்ட 12 லட்சம் டாலர் பேரம், அதுவும் பிரைமரி காலத்தில். தடுத்துவிடுவார்கள் என்று அமைப்பே முந்திக்கொண்டு போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2009 மார்ச் விசாரணையில் நீதிபதிகள் அரசுத் தரப்பு வழக்கறிஞரைப் புத்தகத்துக்கு இழுத்துப் போனார்கள். 500 பக்கப் புத்தகத்தின் கடைசியில் 'இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள்' என்று ஒரே ஒரு வரி இருந்தால் அதையும் தடுப்பீர்களா? நிறுவனத்தின் பணத்தில் வெளியிட்டால் தடுக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். சட்டத்தின் வரிப்படி அது நேர்மையான பதில், வழக்கின்படி தற்கொலை. செப்டம்பரில் மறுவிசாரணை. 2010 ஜனவரி 21 அன்று 5-4 தீர்ப்பு, நீதிபதி கென்னடி எழுதியது: நிறுவனங்களின் சுயேச்சையான தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு கூடாது. இரண்டு மாதத்தில் கீழமை மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு வழக்கில் இதையே நீட்டித்தது, வரம்பில்லாமல் பணம் திரட்டித் தேர்தலுக்குச் செலவழிக்கும் 'சூப்பர் பேக்' குழுக்கள் பிறந்தன. 2024 தேர்தலில் எலான் மஸ்க் என்ற ஒரே மனிதர் 25 கோடி டாலருக்கு மேல் இறக்கியது இந்த வாசல் வழியாகத்தான். ஹிலரி படத்தைப் பார்த்தவர்கள் சொற்பம். ஆனாலும் அமெரிக்க ஜனநாயகத்தை அதிகம் மாற்றிய ஆவணப்படம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

இனி, 2020 அதிபர் தேர்தலில் கள்ள ஓட்டு நடந்தது என்று டிசூசா எடுத்த '2000 மியூல்ஸ்'. 'மியூல்' என்றால் கள்ளச் சீட்டைச் சுமந்துபோய்ப் போடும் கூலி ஆள். இதை விவரமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதன் துண்டுகள் இன்னும் வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பின்னணி தெரியாதவர்களுக்கு: அங்கே பல மாநிலங்களில் வாக்குச்சீட்டு வீட்டுக்கே தபாலில் வரும். நிரப்பி, உறையில் கையெழுத்துப் போட்டு, தபாலில் திருப்பி அனுப்பலாம். அல்லது நூலகம், அரசு அலுவலகம் போன்ற இடங்களில் வைத்திருக்கும் டிராப் பாக்ஸில் போடலாம். கொரோனா ஆண்டான 2020இல் வாக்களித்தவர்களில் சுமார் 43 சதவீதம் பேர் தபால் வழியில் வாக்களித்தார்கள். மையும் விரலும் வாக்குச்சாவடியுமாகப் பழகிய நமக்கு, தெருவோரப் பெட்டியில் ஒருவர் நாலைந்து உறைகளைப் போடுவதைப் பார்த்தாலே கள்ள ஓட்டு என்று தோன்றிவிடும். ஆனால் ஜார்ஜியா உட்படப் பல மாநிலங்களில் வீட்டு ஆட்களின் சீட்டுகளைச் சேர்த்துக் கொண்டுபோய்ப் போடுவது சட்டப்படி சரி.

2022 மே மாதம் வந்த படத்தின் வாதம் இது. டெக்சாஸைச் சேர்ந்த ட்ரூ தி ஓட் என்ற அமைப்பு, செல்போன் ஆப்கள் வழியாகச் சேர்ந்து சந்தையில் விற்பனைக்குக் கிடைக்கும் இருப்பிடத் தரவை வாங்கியது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட டிராப் பாக்ஸ் பக்கமும், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட முறை சில தன்னார்வ அமைப்புகளின் பக்கமும் போன செல்போன்களைப் பிரித்தெடுத்தது. அப்படி 2000 பேர். ஆளுக்குச் சராசரி 38 முறை, முறைக்கு 5 சீட்டு. பெருக்கினால் 3,80,000 கள்ள வாக்குகள்.

இந்தப் பெருக்கலை உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். 2000 என்பது அவர்களே வைத்த வடிகட்டியிலிருந்து வந்தது. 38 என்பது பெட்டி 'பக்கம்' போன எண்ணிக்கை. ஐந்து என்பதை யாரும் எண்ணவில்லை, அது ஊகம். படத்திலேயே இன்னொரு இடத்தில் வடிகட்டியைப் பத்திலிருந்து ஐந்து பெட்டிகளாகத் தளர்த்துகிறார்கள். உடனே 2000 பேர் 54,000 பேர் ஆகிவிடுகிறார்கள், வாக்கு 8,10,000 ஆகிறது. அரங்கில் மூச்சை இழுத்துக்கொள்ளும் இடம் அது. தரவோடு வேலை செய்பவர்கள் சிரிக்கும் இடமும் அதுதான். நிபந்தனையைச் சற்றே தளர்த்தியதும் எண்ணிக்கை 27 மடங்கு பெருகினால், நீங்கள் ஒரு ரகசியக் கும்பலைப் பிடிக்கவில்லை, ஊரில் சாதாரணமாக நடமாடும் கூட்டத்தை அள்ளிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

ஏன் அள்ளுகிறது? திறந்த வெளியில் நல்ல போனின் ஜிபிஎஸ் சுமார் ஐந்து மீட்டர் துல்லியம் தரும். கட்டடங்களுக்கு நடுவே அது கெடும். பெட்டியில் சீட்டைப் போட வேண்டுமானால் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். சிக்னலில் காரில் காத்திருப்பவரையும் பெட்டி முன் நிற்பவரையும் இந்தத் தரவால் பிரிக்க முடியாது. அதோடு டிராப் பாக்ஸை ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடமாகப் பார்த்துத்தான் வைப்பார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீளும் காலத்தில் டெலிவரி ஆட்கள், டாக்சி ஓட்டுநர்கள், தபால்காரர்கள் எத்தனை பெட்டிகளைக் கடந்திருப்பார்கள்! படம் வருவதற்கு முன்பே, 2021 செப்டம்பரில், ஜார்ஜியா புலனாய்வுத் துறை இதைப் பார்த்துவிட்டது. 279 செல்போன்கள், டிராப் பாக்ஸிலிருந்து 100 அடிக்குள் பலமுறை வந்தவை. 100 அடி என்றால் முப்பது மீட்டர், தெருவின் எதிர்ச்சாரியில் உள்ள டீக்கடையும் அதில் அடங்கும். விசாரணை தொடங்க இது போதாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டிரம்ப் அரசின் அட்டர்னி ஜெனரலாக இருந்த வில்லியம் பார், 2022 ஜூனில் நாடாளுமன்றக் குழு ஒளிபரப்பிய சாட்சியத்தில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது சிரித்தே விட்டார்.

ஆனால் பார்வையாளரை மடக்கியது கணக்கு அல்ல, சிசிடிவி காட்சிகள். கையுறை போட்ட கை, சீட்டுகளின் கட்டு, செல்போனில் எடுத்துக்கொள்ளும் படம். பெருந்தொற்று ஆண்டில் கையுறை ஏன் என்று கேட்கத் தோன்றாதபடி பின்னணி இசை பார்த்துக்கொள்கிறது. பத்துப் பெட்டிகளுக்குப் போன ஆட்கள் இருப்பதாகச் சொல்லும் படத்தில், ஒரே ஆள் இரண்டு பெட்டிகளில் நிற்கும் காட்சி ஒன்றுகூட இல்லை. கணினித் திரையில் அட்லாண்டா என்ற பாவனையில் புள்ளிகளோடு காட்டிய வரைபடம் ஒன்று மாஸ்கோ நகரத்தின் ஸ்டாக் படம், அதாவது யாரும் வாங்கிப் பயன்படுத்தக்கூடிய பொதுப் படம்! காருக்குள்ளிருந்து இறங்கி ஐந்து சீட்டுகளைப் போடும் ஒருவரைக் காட்டி, இது குற்றம் என்கிறது குரல். ஜார்ஜியா அதிகாரிகள் விசாரித்தார்கள். தன்னுடையது, மனைவியுடையது, வளர்ந்த மூன்று பிள்ளைகளுடையது. ஐந்தும் செல்லும்.

(மூர் பக்கம் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். 'ஃபாரன்ஹீட்'டில், 2000 தேர்தலில் புஷ்ஷிடம் தோற்ற அல் கோர்தான் ஜெயித்தார் என்ற தலைப்போடு இலினாய் மாநிலப் பத்திரிகை ஒன்றின் பக்கம் வரும். அது செய்தியே அல்ல, வாசகர் கடிதத்தின் தலைப்பு. தேதியும் வேறு. பான்டகிராஃப் என்ற அந்தப் பத்திரிகை மன்னிப்பும் ஒரு டாலர் இழப்பீடும் கேட்டது.)

படம் வந்து ஐந்தே மாதத்தில் அரிசோனாவில் ஆரம்பித்தது. பெட்டிகளைக் காவல் காக்கக் கிளம்பிய குழுக்களில் ஒன்றான கிளீன் எலெக்‌ஷன்ஸ் யுஎஸ்ஏவின் நிறுவனர், இந்தப் படம்தான் தூண்டுதல் என்று சொன்னவர். மரிக்கோப்பா மாவட்டத்தில் மேசா நகர டிராப் பாக்ஸ் பக்கம் 2022 அக்டோபரில் இருவர் துப்பாக்கியும் ராணுவ பாணி உடுப்புமாக நின்றார்கள். ஓட்டுப் போட வந்தவர்களைப் படம் எடுத்தார்கள், கார் நம்பரைக் குறித்தார்கள். நவம்பர் 1 அன்று, டிரம்ப் நியமித்த நீதிபதியான மைக்கேல் லிபர்டியே தடை உத்தரவு போட்டார். பெட்டியிலிருந்து 75 அடிக்குள் வரக் கூடாது, வாக்காளரைப் பின்தொடரக் கூடாது, 250 அடிக்குள் வெளியே தெரியும்படி துப்பாக்கியோ உடற்கவசமோ கூடாது. நான் சொல்லும் பார்வையாளர் எதிர்வினை இதுதான். எந்த ரேட்டிங் தளத்திலும் இது பதிவாகாது.

எல்லாவற்றையும் படத்தின் தலையில் கட்டவும் கூடாது. ஜார்ஜியா டிராப் பாக்ஸ்களை வெட்டிக் குறைத்து, லட்சம் வாக்காளருக்கு ஒன்று என்று கணக்குப் போட்டது 2021 சட்டம். படம் அதற்கு ஓராண்டு பின்னால் வந்தது. முன்பே கிளம்பியிருந்த சந்தேகத்துக்குப் படம் முகமும் வேலையும் கொடுத்தது என்பதுவரைதான் சொல்லலாம்.

2024 மே கடைசியில், படத்தை வெளியிட்ட சேலம் மீடியா அந்த ஐந்து சீட்டுக் குடும்பத்தலைவரிடம் மன்னிப்புக் கேட்டு, படத்தையும் புத்தகத்தையும் விநியோகத்திலிருந்து எடுத்தது. அதற்கு முன்பே பிப்ரவரியில், சீட்டுக்குக் காசு வாங்கியதாகச் சொல்லப்பட்ட சாட்சியின் பெயரைக் கேட்ட ஜார்ஜியா தேர்தல் வாரியத்துக்கு, அப்படி எந்த விவரமும் தங்களிடம் இல்லை என்று ட்ரூ தி ஓட் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டிருந்தது. ஆண்டு இறுதியில் டிசூசாவும் வாய் திறந்தார். காட்டிய சிசிடிவி காட்சிகளும் செல்போன் தரவும் ஒன்றோடொன்று பொருந்தியவை அல்ல என்று பிறகுதான் தெரிந்ததாம். படம் நின்றதே அந்தப் பொருத்தத்தின் மேல்தான். இந்த மன்னிப்பை எந்த அரங்கிலும் திரையிடவில்லை. டிரம்பின் மாரலாகோ மாளிகையில் படத்தைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கதை.

துண்டு வீடியோ உங்கள் குழுவுக்கு வந்தால், அனுப்பியவரோடு அமெரிக்க அரசியல் பேசி மல்லுக்கட்ட வேண்டாம். இதே ஆள் இரண்டாவது பெட்டியில் நிற்கும் வீடியோவை அனுப்புங்கள் என்று கேளுங்கள். சீட்டு மோசடியே அங்கே நடப்பதில்லையா என்று பதிலுக்குக் கேட்பார். நடக்கிறது. 2020 ஆகஸ்ட் பிரைமரியில் அரிசோனாவின் சான் லூயிஸ் ஊரில், குடும்பத்தார் அல்லாதவர்களின் சீட்டுகளைச் சேகரித்ததற்காக ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 நாள் சிறை போனார். அந்த வழக்கில் மொத்தம் நான்கு சீட்டு.