அந்தக் கேள்விக்கு எதற்குச் சிரித்தீர்கள்?

சனிக்கிழமை ஜூம் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "டொர்னாடோ வர மின்னலும் காரணமா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். டொர்னாடோ என்றால், இடிமேகத்திலிருந்து தரைவரை நீண்டு வேகமாகச் சுழலும் காற்றுத்தூண். பேச வந்தவர் சிரித்தார், கூடவே நாலைந்து பேர். பதில் சொல்லாமலே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அது சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. சில்வர் அயோடைடு தூவி மேகத்தில் பனித்துகளை உண்டாக்கலாம் என்று கண்டுபிடித்த பெர்னார்ட் வானகட் 1960இல் இதையே ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். ஒரே இடத்தில் விடாமல் பாயும் மின்னல் காற்றைச் சூடாக்கி மேலே எழவைத்து, டொர்னாடோவுக்குச் சக்தி தரலாம் என்பது அவர் வாதம். 1955 மே 25 இரவு ஓக்லஹோமாவில் பிளாக்வெல் ஊரை டொர்னாடோ தாக்கியபோது விடாத மின்னல் வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1965இல் ஒஹாயோவின் டொலிடோவில் எடுத்த இரவுப் படத்திலும் ஒளித்தூண்கள் தெரிந்தன.

"அந்தக் கொள்கை நிற்கவில்லையே" என்பீர்கள். ஆமாம், நிற்கவில்லை. மின்னலே இல்லாமலும் டொர்னாடோ வருகிறது. உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுவதால் பிறக்கும் சுழற்சியை, மேலே எழும் காற்று நிமிர்த்தி இழுப்பதுதான் பெரிய டொர்னாடோக்களுக்கு அடிப்படை. ஆனால் அதே மேலெழும் காற்றுதான் மேகத்துக்குள் பனித்துகள்களை மோதவிட்டு மின்னேற்றத்தையும் பிரிக்கிறது. அதனால் புயல் மூர்க்கமாகும் முன் பலமுறை மின்னல் எண்ணிக்கை சட்டென்று எகிறும். 'லைட்னிங் ஜம்ப்' என்பார்கள். 2016இல் ஏவிய கோஸ்-16 செயற்கைக்கோளில் மின்னலைக் கவனிப்பதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. மின்னல் டொர்னாடோவை உருவாக்குவதில்லை, ஆனால் மேகம் வலுப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா?

நான் எட்டாம் வகுப்பில், சித்திரையில் இடி ஏன் பெரும்பாலும் சாயங்காலமே வருகிறது என்று கேட்டேன். "பாடத்தில் இருக்கிறதைக் கேள்" என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. அந்த வருடம் முழுக்க நான் வாய் திறக்கவில்லை.

"நேரம் இல்லை" என்கிறார்கள். பொன்னாடை போர்த்த நேரம் இருந்ததே! "கேலியாகச் சிரிக்கவில்லை" என்கிறார்கள். அந்தப் பிள்ளை உடனே கேமராவை அணைத்ததை நான் பார்த்தேன். வானகட்டை மறுத்தவர்கள் மின்னல் பதிவுகளையும் டொர்னாடோக்களையும் ஒப்பிட்டுப் பார்த்து மறுத்தார்கள். இவளுக்கு அந்த மரியாதைகூட இல்லை.

இப்போது யூடியூபில் ஏற்றிய காணொளியில் அந்தப் பகுதியையே வெட்டிவிட்டார்கள். அதைத் திரும்பச் சேருங்கள். அவளுக்குப் பதிலும் சொல்லுங்கள், அவள் பெயரைச் சொல்லி.