20 பைட்டுக்கு ஒரு பச்சை டிக்

"பேக்கப் வெற்றிகரமாக முடிந்தது." தினமும் விடிவதற்குள் மெயிலில் வந்து உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் ஒரு பச்சை டிக். இனிமேல் அந்தப் பச்சையை எங்கே பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வரும்.

என் ஆன்லைன் கடைத் தளத்தில், கூடுதல் வசதிக்காகச் சேர்த்திருந்த ஒரு பிளக்இன்னின் அப்டேட் ஆர்டர் விவரங்களைக் குதறி வைத்துவிட்டது. சரி, நடப்பதுதான். இதற்குத்தானே தளத்தைத் தங்கள் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங்காரர்களிடம் தனியாகக் காசு கட்டி 'தினசரி பேக்கப்' வாங்கி வைத்திருக்கிறோம் என்று தெம்பாகப் பேனலுக்குள் போனேன். ஒரு வாரத்துக்கான பேக்கப் வரிசைகட்டி நிற்கிறது, ஒவ்வொன்றுக்கும் பச்சை டிக். நேற்றையதை எடுத்து ரீஸ்டோரை அமுக்கினேன். "நிச்சயமாகவா?" என்று கேட்டது. நிச்சயமாகத்தான். "இப்போது இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?" சம்மதம். மூச்சு விடுவதற்குள் நூறு சதவீதம். ரீஸ்டோர் வெற்றி. அதற்கும் ஒரு பச்சை டிக்!

தளத்தைத் திறந்தால் ஹோம் பேஜைக் காணோம். "மொழியைத் தேர்ந்தெடுங்கள்" என்று நீளமாக ஒரு பட்டியல். அடுத்த பக்கத்தில், புகழ்பெற்ற ஐந்து நிமிட வேர்ட்பிரஸ் (தளத்தை நடத்தும் மென்பொருள்) நிறுவலுக்கு நல்வரவாம். தளத்துக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று குசலம் விசாரிக்கிறது. தலைப்பா? கொஞ்ச நேரம் முன்பு வரை ஒன்று இருந்ததே ஐயா, அதைத்தானே தேடிக்கொண்டிருக்கிறேன்.

பொருட்கள், ஆர்டர்கள் எல்லாம் இருக்க வேண்டிய டேட்டாபேஸில் ஒரு டேபிள் கூட இல்லை. சப்போர்ட் சாட்டுக்கு ஓடினேன்.

"உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் பேக்கப் வெற்றி என்றுதான் எங்கள் பதிவில் இருக்கிறது."

"எனக்கும் அப்படித்தான் மெயில் வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை."

"ரீஸ்டோரும் வெற்றி என்று இருக்கிறதே."

"தளம் இல்லையே!"

"பிரவுசர் கேஷ் க்ளியர் செய்து பார்த்தீர்களா? வேறு பிரவுசரில்?"

சர்வரிலேயே இல்லாத டேட்டா வேறு பிரவுசரில் மட்டும் எங்கிருந்து முளைக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் செய்தேன். பிறகு பேக்கப் ஃபைலை இறக்கிப் பார்த்தால், சைஸ் 20 பைட். கேபி இல்லை, எம்பி இல்லை, 20 பைட். என் முகவரியை எழுதினாலே அதைவிட அதிகம் பிடிக்கும். இதைச் சொன்னதும் அந்தப் பக்கம் நெடுநேரம் 'டைப் செய்கிறார்... டைப் செய்கிறார்...' கடைசியில் வந்த பதில்: "ஃபைல் நன்றாகக் கம்ப்ரஸ் ஆகியிருக்கிறது."

அந்த மகானைத் தாண்டி, விஷயம் தெரிந்த இன்னொருவர் வந்தபோதுதான் கதை வெளியே வந்தது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டை 'பாதுகாப்புக்காக' அவர்களே மாற்றியிருக்கிறார்கள். பேக்கப் ஸ்கிரிப்ட்டிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். அது ராத்திரி ராத்திரி பழைய பாஸ்வேர்டோடு போய்க் கதவைத் தட்டி, விரட்டியடிக்கப்பட்டுத் திரும்பியிருக்கிறது. டேட்டாபேஸைப் பிரதியெடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் தோற்றுப்போய் எதையும் தரவில்லை. ஒரு கமாண்ட் தருவதை அடுத்ததற்குக் கடத்தும் பைப்பில் அதன் பின்னால் காத்திருந்த, ஃபைலைச் சுருக்கும் ஜிஜிப், வந்த சூனியத்தைச் சிரத்தையாகக் கம்ப்ரஸ் செய்தது. ஒன்றுமில்லாததைக் கம்ப்ரஸ் செய்தால் சரியாக 20 பைட் வரும். பைப்பில் கடைசியாக நிற்கும் கமாண்ட் ஜெயித்தால் மொத்தமும் ஜெயித்ததாகத்தான் கமாண்டுகளை ஓட்டும் ஷெல் கணக்கு வைக்கும். நடுவில் எது தோற்றாலும் தோல்விதான் என்று சொல்லவைக்கும் பைப்ஃபெயில் என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தால் அன்றைக்கே மாட்டியிருக்கும். போடவில்லை. காலி டப்பாவை அழுத்தி மூடி, சீல் வைத்து, 'சாமான் பத்திரம்' என்று எனக்குத் தினமும் கடிதம் போட்டிருக்கிறார்கள்.

சரி, பாஸ்வேர்டு மாறுவதற்கு முந்தைய நல்ல பேக்கப் எங்கே என்று கேட்டேன். ஏழுக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். புதிது வந்தால் பழையது போய்விடும். அதாவது, ஒவ்வொரு 20 பைட் வெற்றியும் ஒரு நிஜமான பேக்கப்பைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பேக்கப்பே எடுக்காமல் சும்மா கிடந்திருந்தால்கூட என் டேட்டா பிழைத்திருக்கும்!

பெரிய இடத்திலும் இதே லட்சணம்தான். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில் அங்கே வேலை செய்யும் ஒருவர் தவறுதலாக முக்கியமான டேட்டாபேஸை அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடினால் காணோம். அங்கே பிரதியெடுக்கும் பிஜி டம்ப்பின் வெர்ஷன் டேட்டாபேஸோடு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. 'தோற்றுவிட்டேன்' என்று அது அனுப்பிய மெயில்களையும் மெயில் சர்வர் நிராகரித்திருக்கிறது. அதிலாவது தோல்வி என்று சொல்ல ஒரு முயற்சி நடந்தது. எனக்கு வந்ததெல்லாம் வாழ்த்துச் செய்தி.

விதிமுறைகளைக் காட்டினார்கள். அடியில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், பேக்கப்புக்கு எந்த உத்தரவாதமும் இல்லையாம், வாடிக்கையாளர்தான் தனியாகப் பிரதி வைத்துக்கொள்ள வேண்டுமாம். அப்படியானால் நான் மாதாமாதம் கட்டியது எதற்கு? அந்தப் பச்சை நிறத்துக்கா?

ஒரு நல்ல செய்தியும் சொன்னார்கள். அப்லோட்ஸ் ஃபோல்டர் அப்படியே இருக்கிறதாம். உண்மைதான், பொருட்களின் படங்கள் பளபளவென்று இருக்கின்றன. எது என்ன விலை, யார் வாங்கினார், யாருக்கு இன்னும் அனுப்பவில்லை என்பது மட்டும்தான் இல்லை. வாடிக்கையாளர்கள் "ஆர்டர் எங்கே?" என்று கேட்டால் படத்தைக் காட்டிச் சமாளிக்க வேண்டியதுதான்.

சாட்டை மூடியதும் ஒரு பெட்டி எழும்பியது. எங்கள் சேவை எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரங்கள். ஒன்றே ஒன்றை அமுக்கினேன். "நன்றி! உங்கள் கருத்து வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது." அதற்கும் பச்சை டிக். சத்தியமாகச் சிரித்துவிட்டேன். இதையாவது எங்கே சேமித்தார்களோ.

இப்போது ஆர்டர் மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து விவரங்களைக் கையால் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இனிமேல் எல்லாமே பேப்பரில்தான் என்று முடிவு செய்து பிரின்ட் கொடுத்தால், நீல மை தீர்ந்துவிட்டதாம். நான் அடிக்கச் சொன்னது கறுப்பு எழுத்து. கறுப்பு மை நிறைய இருக்கிறது. ஆனாலும் நீலம் வாங்கிப் போடாமல் ஒரு வரிகூட அடிக்க மாட்டேன் என்கிறது. இந்த பிரின்டர்களைச் செய்கிறவர்களுக்கெல்லாம் என்னதான்யா பிரச்சினை?